ஆறரை லிட்டர் ஆயில்

கர்ட்டன் அக்காவுக்கு மனிதர்களிடம் நன்றி சொல்ல வாய் வராது. மனதில் இல்லாமல் இல்லை, நிறையவே உண்டு. தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே நின்றுகொள்ளும். ஆனால் காருக்குச் சொல்வாள். சாவியைத் திருப்பி, எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டதும், ஸ்டீயரிங்கை ஒரு தட்டுத் தட்டி, "நல்லா இரு" என்பாள். பத்தொன்பது வயசான காரைப் பார்த்து அப்படிச் சொல்ல அந்தத் தெருவில் வேறு ஆள் கிடையாது. மற்றவர்கள் சொன்னதெல்லாம் "இன்னுமா ஓடுது?" என்பதுதான்.

ஜன்னலுக்கும் வாசலுக்கும் துணி தைத்து, கம்பி அடித்து, தொங்கவிட்டுத் தருவது அவள் தொழில். எந்த ஜன்னலாக இருந்தாலும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளப்பாள். புது வீடு கட்டியவர் தன் வீட்டுப் பெருமையைப் பீற்றிக்கொண்டிருக்கும்போதே டேப்பைக் காட்டி, "இங்க முக்கால் இஞ்ச் கோணல், பாத்தீங்களா?" என்று சொல்லிவிடுவாள். இதனாலேயே நாலைந்து வேலைகள் கைவிட்டுப் போயிருக்கின்றன. அதற்காக அவள் கவலைப்பட்டதில்லை. கோணலை மறைத்துத் துணி தைக்கலாம், இல்லை என்று சொல்ல முடியாது என்பாள்.

இந்தத் தொழிலுக்குக் கார் இல்லாமல் நடக்காது. துணி மூட்டையை எப்படியாவது கொண்டுபோய்விடலாம். எட்டடிக் கம்பியை என்ன செய்வது? டிக்கி வழியாக நுழைத்து, பின்சீட்டின் முதுகை மடித்து, முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் விட்டால் கம்பியின் நுனி கியரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நாலாவது கியர் போடும்போதெல்லாம் முழங்கையில் இடிக்கும். அந்த இடி வாங்கிய இடம் காய்த்தே போய்விட்டது.

காரை வாங்கியது அவள் கணவர். வாங்கும்போதே அதற்குப் பன்னிரண்டு வயசு. "ஒரே கை ஓட்டின வண்டி சார்" என்று விற்றவன் அடித்துச் சொன்னான். வீட்டுக்குக் கொண்டுவந்து பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு குழந்தையின் ஷூ, பல்லுக்குப் போடும் கிளிப், யார் வீட்டு நாயுடைய கழுத்துப் பட்டையோ ஒன்று. ஒரே கையில் இத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்று மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று பேர் என்றால் அவர், அக்கா, அவருடைய தங்கை பாப்பா. வீட்டுக்குக் கடைசிப் பெண் என்பதால் பாப்பா. இப்போது பாப்பாவுக்கு நாற்பத்தொன்பது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பெயரும் மாறவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் கிடையாது. கீழே ஒரு கூடமும் தையல் அறையும், மாடியில் ஒற்றை அறையும் உள்ள அந்தச் சின்ன வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் மட்டும் மிஞ்சினார்கள். துக்கத்துக்கு வந்த உறவுக்காரி ஒருத்தி சமையலறையில் இன்னொருத்தியிடம், "பாவம், இனிமே நாத்தனார் கையைப் பார்த்துத்தானே இருக்கணும்" என்று சொன்னது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அல்லது சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அன்றைக்குப் பிடித்தது அந்தப் பிடிவாதம். எல்லாம் பாதிக்குப் பாதி. கரண்டு பில் பாதி, காய்கறி பாதி, கார் ரிப்பேர் பாதி. பெட்ரோல் இந்தத் தடவை நீ, அடுத்த தடவை நான். பாப்பா ஒருநாள் சோப்பு வாங்கி வந்து காசு வேண்டாம் என்றதற்கு, அக்கா மறுநாளே கடைக்குப் போய் அதே சோப்பு ஒன்று வாங்கி மாடிப்படியில் வைத்துவிட்டு வந்தாள். பாப்பா அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அண்ணியின் குணம் அவளுக்குத் தெரியும்.

காரும் அப்படித்தான் பங்கு பிரிந்தது. பாப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. படுக்கையிலிருக்கும் நோயாளிகளின் வீட்டுக்கே போய், வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குக் காரை வீட்டு வாசலில் விட்டுவிடுவாள். அதன் பிறகு கார் அக்காவுடையது. சாவி ஃபிரிட்ஜ் பக்கத்து ஆணியில் தொங்கும். நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட ஒன்பது ஐந்து ஆனதில்லை.

பரிசோதனை நிலையத்தின் பெரிய கிளை ஊரின் மறுகோடியில் இருந்தது. சம்பளம் கூடுதல், தங்க அறையும் தருகிறோம் என்று இரண்டு வருஷத்துக்கு முன் பாப்பாவைக் கூப்பிட்டார்கள். அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்தபடி காதை மட்டும் வாசல் பக்கம் வைத்திருந்தாள். பாப்பா ஃபோனில் சொன்னாள்: "இல்லீங்க, வர முடியாது. இங்க அண்ணியும் நானும் சேர்ந்து ஒரு வண்டி வச்சிருக்கோம்." மெஷின் ஓடாமலே அக்காவின் கால் பெடலில் நின்றிருந்தது.

அந்த ஒரு வார்த்தையை அக்கா உயிரைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் இல்லை என்றான பிறகு அண்ணி யார், நாத்தனார் யார்? சட்டமும் கேட்காது, சொந்தமும் கேட்காது. இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பது இந்தக் கார்தான். கார் போனால் பாப்பா போய்விடுவாள். அக்கா இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் காரில் ஒவ்வொரு புதுச் சத்தம் கேட்கும்போதும் ஓரம் கட்டி இறங்கிப் பார்ப்பாள்.

சத்தங்களுக்கோ பஞ்சமில்லை.

இங்கே மெக்கானிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பெயர் கால்வாசி. பெற்றவர்கள் வைத்த பெயர் பட்டறைப் பலகையில் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. எந்த ரிப்பேருக்கும் அவன் முதலில் ரொக்கம் சொல்ல மாட்டான். இந்தக் காரை இன்றைக்கு விற்றால் என்ன போகுமோ, அதில் எத்தனை பங்கு என்றுதான் சொல்லுவான். "கிளட்ச் பிளேட்டுக்கா? வண்டி விலையில ஆறுல ஒண்ணு." "ஏசி கம்ப்ரஸரா? மூணுல ஒண்ணு. பேசாம கண்ணாடிய இறக்கிக்கோங்க." பாதிக்கு மேல் போனால் வேலையைத் தொடமாட்டான். பழைய காரின் மேல் பாசம் வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டான். பேராசைக்காரர்கள் நிறைந்த தொழிலில் இப்படி ஒருவன் கிடைத்ததே பெரிய கொடுப்பினை என்று அக்கா நினைத்துக்கொள்வாள்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு விவகாரம் உண்டு. வருஷா வருஷம் காரின் விலை இறங்கும், சாமான்களின் விலை ஏறும். போன தடவை எட்டில் ஒன்றாக இருந்த ரேடியேட்டர் இந்தத் தடவை ஐந்தில் ஒன்று. முன் சக்கரத்தின் ரப்பர் புஷ், குழியில் இறங்கினால் கட்டில் உடைந்தாற்போல் சத்தம் போடும், அது பத்தில் ஒன்று. மழைக்காலத்தில் டைனமோ மக்கர் பண்ணி பேட்டரி படுத்தது, ஏழில் ஒன்று. சைலன்ஸர் துருப்பிடித்து நடுரோட்டில் பாதி கழன்று விழுந்தபோது அக்கா இறங்கிப் போய், சூடு ஆறும்வரை நின்று, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். பின்பக்கத்து இடது கண்ணாடி மட்டும் இறங்காது. அதற்குப் பங்கு கேட்கவே இல்லை, அந்தப் பக்கம் யார் உட்காரப் போகிறார்கள்?

இதுதவிர சில மாதமாக ஒரு தொல்லை. டிரைவர் சீட்டின் முதுகு தினமும் பின்னால் சாய்ந்து கிடந்தது. ஒன்பது மணிக்குப் பாப்பா விட்டுவிட்டுப் போன காரில் அக்கா ஏறி உட்கார்ந்தால், ஏதோ பல் டாக்டரிடம் போனது போல மல்லாந்துவிடுவாள். லாக் தேய்ந்துவிட்டது என்று கால்வாசியிடம் சொன்னாள். அவன் பார்த்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று தலையைச் சொறிந்தான். அக்கா விடவில்லை. இருபதில் ஒரு பங்குக்குப் புது லாக் போட்டாயிற்று. பாப்பா தன் பாதியை மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். புது லாக் போட்ட பிறகும் சீட் சாய்ந்துகொண்டுதான் இருந்தது. இந்தக் காலத்து ஸ்ப்ரிங்கே சரியில்லை என்று அக்கா திட்டித் தீர்த்தாள்.

ஒன்றரை மாதத்துக்கு முன்பு கால்வாசி அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "அக்கா, வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிச்சிருக்கு. இப்போதைக்கு அப்பப்போ பார்த்து ஊத்திக்கோங்க. எஞ்சினைப் பிரிச்சா முக்கா பங்கு ஆயிடும். நான் செய்ய மாட்டேன்."

அக்காவுக்குப் பகீரென்றது. இது பாப்பாவின் காதுக்குப் போனால் வித்துவிடலாம் என்பாள். மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்தாள். ஒரு ஆயில் டப்பா வாங்கி, கர்ட்டன் வளையங்கள் வைத்திருக்கும் பைக்குள் ஒளித்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் பாப்பா வருவதற்குள் எஞ்சினை ஒரு நிமிஷம் ஓடவிடுவாள். அணைத்த கையோடு, ஆயில் மட்டம் காட்டும் அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பாள். ஆயில் குறைவாகத்தான் காட்டும். ஓடிய ஆயில் மேலிருந்து கீழே இறங்கப் பத்து நிமிஷமாவது ஆகும் என்பது அவளுக்கு யார் சொன்னார்கள்? ஜன்னலை மூன்று இடத்தில் அளக்கிறவள், இதை ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு அரை லிட்டர் ஊற்றினாள்.

பிறகு கண் ஆஸ்பத்திரி வேலை வந்தது. பரிசோதனை அறைகளுக்கு வெளிச்சம் புகாத கறுப்புத் துணியில் முப்பத்தாறு திரைகள். மூன்று வாரம் அவள் வீட்டைவிட்டு நகரவில்லை. மெஷினும் அவளும் மட்டுமே. காரைப் பாப்பாதான் காலையில் எடுத்துப் போய் ஒன்பது மணிக்குக் கொண்டுவந்து விட்டாள். அப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா ஆயிலை ஊற்றினாள். பெற்ற பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற திருப்தி அவள் முகத்தில் தெரிந்தது.

திரைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அன்று, மேம்பாலத்தில் பாதி ஏறியிருப்பாள். பின்னால் வந்த பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். கண்ணாடியில் பார்த்தால் பஸ்ஸே தெரியவில்லை, புகை. நீலமும் வெள்ளையுமாகக் குபுகுபுவென்று புகை. காரை ஓரம் கட்டி இறங்கினாள். அடியில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. திரை மூட்டைகளை ஒரு ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, காரை வேறொரு வண்டியில் கயிறு கட்டி இழுக்கவைத்துக்கொண்டு கால்வாசியிடம் போய்ச் சேர்ந்தாள்.

அவன் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தான். மூடியின் உள்பக்கம் தயிரைப் பூசியது போல வெள்ளையாக இருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னப்பா?"

"தண்ணி ஆயிலோட கலந்திருக்கு அக்கா. புகையும் இப்படி வருதுன்னா ரெண்டையும் பிரிச்சு வைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். எஞ்சினே பிரிக்கணும்."

"பங்கு சொல்லு."

அவன் கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தான். "ஒன்றேகால்" என்றான்.

ஒன்றைத் தாண்டி அவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை. காரின் விலையைவிட ரிப்பேர் பெரிசு என்று அர்த்தம். "பழைய இரும்புக்காரன்கிட்ட சொல்லட்டுமா?" என்று அவனே மெதுவாகக் கேட்டான். "காலைல ஆயிலை வடிச்சுப் பார்த்துடறேன். வடிக்காம எந்த எஞ்சினுக்கும் நான் சாவுச் சீட்டு எழுதறதில்ல. நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க."

சாயங்காலம் பாப்பா வந்ததும் அக்கா விஷயத்தைச் சொன்னாள். ஆயில் ஊற்றியதைச் சொல்லவில்லை. பாப்பா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கைப்பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"அப்போ வித்துடலாமா அண்ணி?"

எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டாள்! "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்படிக்குப் போனாள். நாலு வருஷமாக வாசலில் ஒன்பது மணிக்குக் கேட்ட அந்த எஞ்சின் சத்தத்தை நினைத்தாள். துக்கம் தாளாமல் படுக்கையை விட்டு எழாமல் கிடந்த முதல் மாதத்தில், "அண்ணி, வண்டி வந்துடுச்சு, உங்க முறை" என்று பாப்பா மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்ததை நினைத்தாள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எத்தனையோ பேர். எழுந்து வேலைக்குப் போக வைத்தது அந்த ஒரு குரல். அதற்கு அவள் பதிலுக்கு என்ன செய்தாள்? பெட்ரோல் பாதி கொடுத்தாள்.

மறுநாள் காலை இருவரும் பட்டறைக்குப் போனபோது கால்வாசி ஒரு பெரிய தட்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இன்னொரு வாளி. இரண்டிலும் ஆயில்.

"வாங்க அக்கா, வாங்க பாப்பாக்கா. இந்த எஞ்சின் எத்தனை லிட்டர் பிடிக்கும் தெரியுமா?"

இருவருக்கும் தெரியவில்லை.

"நாலு. இப்போ வடிச்சது ஆறரை. ஆறரை! நானும் இருபது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன், ஆயில் குறைஞ்சு எஞ்சின் செத்துப் பார்த்திருக்கேன். ஊட்டி ஊட்டிச் சாகடிக்கப் பார்த்தத இன்னைக்குத்தான் பார்க்கிறேன். யார் ஊத்தினது?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"நான்தான்" என்றாள் பாப்பா, அதே மூச்சில்.

இருவரும் திரும்பி ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

குட்டு உடைந்தது. பாப்பா ஒரு மாதத்துக்கு முன் பஞ்சர் ஒட்ட வந்தபோது, "ஆயில் ஊத்திட்டு வரீங்கல்ல?" என்று கால்வாசி எதேச்சையாகக் கேட்டிருக்கிறான். ஒரே வீட்டில் இருக்கிறவர்கள், ஒருத்தரிடம் சொன்னால் இன்னொருத்தருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தது அவன் தப்பு. அண்ணிக்குத் தெரிந்தால் பயப்படுவாள் என்று பாப்பா வாயைத் திறக்கவில்லை. திங்கள்கிழமை தோறும் அரை லிட்டர். அளவெல்லாம் பார்க்கவில்லை.

"பார்க்காம எப்படி ஊத்துவீங்க?" என்று கால்வாசி தலையில் அடித்துக்கொண்டான்.

"வாரத்துக்கு ஒரு தடவைன்னா ஒரு தடவை. மருந்து அப்படித்தானே கொடுப்போம்?" என்றாள் பாப்பா, நியாயம் தன் பக்கம் இருப்பது போல.

"அப்போ எஞ்சின்?" என்றாள் அக்கா.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு அக்கா. கொஞ்சம் ஆயில் குடிக்கும், அவ்வளவுதான். ஆயில் அளவுக்கு மீறிப் போனா நுரைச்சு, அடைச்சிருக்கிற ரப்பர் சீலைப் பிச்சுக்கிட்டு வெளியே வரும், புகையாக் கக்கும். சீல் மாத்தணும், பிளக் மாத்தணும், புது ஆயில். எட்டுல ஒண்ணு."

ஒன்றேகாலிலிருந்து எட்டில் ஒன்று. அக்கா பக்கத்திலிருந்த டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அப்படியே எழுந்து அவன் கறுப்புக் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வடிக்காமல் விற்றுக் கொடுத்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? இரும்புக்காரனிடம் தரகும் கிடைத்திருக்கும். இந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும், இவன் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு பாட்டம் வாழ்த்தி முடித்தாள்.

கால்வாசி மட்டும் இன்னும் சிரிக்கவில்லை. அந்த வெள்ளை படிந்த மூடியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல. இந்த வெள்ளை. கேஸ்கெட் நல்லா இருக்கு, அப்புறம் தண்ணி எப்படி வந்துச்சு? எஞ்சின் சூடாகறதுக்குள்ள அணைச்சுட்டா உள்ள ஈரம் தங்கி இப்படிப் பூக்கும். ரெண்டு தெரு ஓட்டி அணைக்கிற வண்டியிலதான் இது வரும். மூணு வாரமா நீங்க வண்டிய எடுக்கல, சரி. பாப்பாக்கா தினமும் ஊரையே ஒரு சுத்துச் சுத்தி வராங்க. எஞ்சின் கொதிக்கணுமே. பாப்பாக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. காலைல எங்க போறீங்க?"

"ரத்தம் எடுக்கத்தான்."

"வண்டி அப்படிச் சொல்லலியே."

பாப்பா கைப்பையின் ஜிப்பை இழுத்தாள், மூடினாள். கையும் களவுமாகப் பிடிபட்ட குழந்தையின் முழி அவளுக்கு.

"அந்த வேலைக்கு பைக் வச்சிருக்கிறவங்களா எடுத்துட்டாங்க அண்ணி. போன வருஷமே. இப்ப எனக்கு உள்ளேயே வேலை. பத்து மணிக்குப் போனாப் போதும். நடந்தே போயிடலாம்."

"போன வருஷமேன்னா?"

"பதினோரு மாசம்."

"அப்போ தினமும் அஞ்சரைக்குக் கிளம்பி, ஐஸ் பெட்டியத் தூக்கிக்கிட்டு..."

"பூங்காவுக்குப் பின்னாடி மரத்தடி இருக்குல்ல. அங்க நிறுத்திடுவேன்."

"நிறுத்திட்டு?"

"தூங்குவேன்" என்றாள் பாப்பா.

கால்வாசி சட்டென்று முகத்தைத் திருப்பி பானெட்டுக்குள் எதையோ தேடினான். அவன் தோள்கள் குலுங்கின. "சீட்டு லாக்..." என்று மட்டும் உள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

அக்காவுக்கு முதலில் வந்தது கோபம்தான். கன்னமெல்லாம் சூடாகிவிட்டது. பதினோரு மாதம் பெட்ரோலுக்குப் பாப்பாவிடம் பாதி வாங்கியிருக்கிறாள். ரேடியேட்டருக்குப் பாதி. அந்த லாக்குக்கும் பாதி. யார் கையையும் பார்க்க மாட்டேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவள், அடுத்தவள் கையைப் பார்த்தபடியே ஊரெல்லாம் சுற்றியிருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? என் பங்கைத் திருப்பித் தரேன்னு ஒத்தைக்கால்ல நிப்பீங்க. கடன் வாங்குவீங்க. அது முடியாதுன்னா வண்டிய வித்துடலாம்பீங்க. அப்புறம் அந்தக் கம்பிய எல்லாம் எதுல தூக்கிட்டுப் போவீங்க? உங்களத் தெரியாதா எனக்கு?"

தெரிந்துதான் இருந்தது. ஒரு வார்த்தைகூட அக்காவால் மறுக்க முடியவில்லை. கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. வீட்டிலேயே தூக்கத்துக்குப் பேர்போனவள் பாப்பா. இடி விழுந்தாலும் எழமாட்டாள் என்று அண்ணன் கேலி செய்வார். அவள் பதினோரு மாதம், மழையிலும் பனியிலும், ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கிறாள், காரில் போய்க் கழுத்தை ஒடித்துக்கொண்டு தூங்குவதற்காக.

"மெத்தையில படுத்து எட்டு மணி வரைக்கும் தூங்கியிருக்கலாமே பாப்பா" என்றாள் அக்கா. சொல்லும்போதே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. தனக்காக இப்படி ஒருத்தி தூக்கத்தைத் தொலைத்திருக்கிறாள் என்பதை நினைக்க நினைக்க, வெட்கமாகவும் இருந்தது, வாழ்க்கையில் ரொம்பக் கிடைத்துவிட்டது போலவும் இருந்தது.

"மரத்தடி காத்து நல்லா இருக்கும் அண்ணி" என்றாள் பாப்பா.

கால்வாசி பானெட்டிலிருந்து வெளியே வந்து தொண்டையைச் செருமினான். "அப்போ வழக்கம் போல ஆளுக்குப் பதினாறுல ஒண்ணா?"

"வேண்டாம்" என்றாள் அக்கா. "இந்தத் தடவை முழுசும் நான்தான். இனிமேலும் நான்தான். ஓட்டுறவ நான்."

பாப்பா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தாள். பாப்பாவோ, "சரி அண்ணி" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஒரு வாதம் இல்லை, பிரதிவாதம் இல்லை.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது, தன் வாயாலேயே அந்தக் கடைசி முடிச்சையும் அவிழ்த்துவிட்டாள் என்று. இனி காரில் பாப்பாவுக்குப் பங்கில்லை. பெரிய கிளையிலிருந்து மறுபடி கூப்பிட்டால் ஃபோனில் சொல்ல ஒரு காரணமும் இல்லை. மருந்துக்கடை தாண்டியது, பூங்காவின் கம்பி வேலி வந்தது. பேசாமல் வீடுவரை போய்விடலாம் என்று பார்த்தாள். முடியவில்லை. நாலு வருஷமாக வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்ததை நடுத்தெருவில் நின்று கேட்டுவிட்டாள்.

"பாப்பா, வண்டியில உனக்கு ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சு. இனிமே நீ போயிடுவியா?"

பாப்பாவும் நின்றாள். அவள் நெற்றி சுருங்கியது. அண்ணி எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"எங்க?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு வரக்கூடிய பதில்களையெல்லாம் அக்கா எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்து அழுதிருக்கிறாள். போகணும் அண்ணி, போகத்தானே வேணும், போக மாட்டேன், பார்க்கலாம். இப்படி ஒரு பதில் வரும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கடைக்கா, வேலைக்கா, வேறு எங்காவதா என்று பாப்பா நிஜமாகவே புரியாமல்தான் கேட்டுக்கொண்டு நின்றாள்.